ஒரே ஒரு பிள்ளைக்காக



இன்று நான் பேச வந்திருப்பது நம் வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றி. பேச்சு வராத பிள்ளை, காது கேளாத பிள்ளை, நடக்கத் தாமதமாகும் பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை. இவர்களுக்குப் பாலர் பருவத்திலேயே கிடைக்க வேண்டிய உதவிகள் நாட்டில் இருக்கின்றன. அந்த உதவிகளை ஒன்று சேர்த்துப் பிள்ளையின் கையில் கொடுப்பது யார்? இதுதான் என் கேள்வி. இந்த ஒரு கேள்விக்கு இந்த மலாக்கா மாநிலத்தில் நாம் ஒரு விடை காண வேண்டும்.

நம் முன்னோர் வாழ்ந்த காலத்துச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். மலாயாவில் 1920-களிலேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒரு விதி வைத்தது. ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். அந்த விதியிலிருந்துதான் லயத்துக்குப் பக்கத்திலே தகரக் கூரைப் பள்ளிகள் பல எழும்பின. நம் தாத்தாக்களும் பாட்டிகளும் அங்கேதான் அகரம் எழுதினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டம் பத்துப் பிள்ளைகளை எண்ணியது. ஒரே ஒரு பிள்ளையாக இருந்தால்? அந்த ஒரு பிள்ளைக்கு யார் பள்ளி கட்டுவார்?

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை எப்போதும் அந்த ஒரு பிள்ளையாகவே இருக்கிறது. மெர்லிமாவில் ஒன்று. செர்க்காமில் ஒன்று. புக்கிட் அசகானில் ஒன்று. தெபோங்கில் ஒன்று. பாயா ரும்புட் தாமானில் நான்காம் மாடியில் ஒன்று. பத்துப் பேர் ஒரே இடத்தில் சேர்வதே இல்லை. அதனால் அவர்களுக்கென்று ஒரு வகுப்பும் எழும்புவதில்லை, ஒரு கூட்டமும் கூடுவதில்லை, ஒரு குரலும் கேட்பதில்லை.

அவர்கள் எண்ணிக்கையில் குறைவா? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 2 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 4.7 விழுக்காட்டினருக்கு அன்றாடச் செயல்களில் ஏதோ ஒரு சிரமம் இருப்பதாகச் சொல்லியது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேர்! சிதறிக் கிடப்பதால்தான் அவர்கள் நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்பர்களே, ஒரு பிள்ளையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாசின் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அப்பா குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். மகனுக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை. பாட்டி சொல்கிறார், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்." பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், "கண்ணு பட்டிருக்கும், ஒரு கயிறு கட்டிப் பாருங்க." சுகாதார கிளினிக்கில் தாதி மிஸ்ஸி ஊசி போட வந்த பிள்ளையைப் பார்க்கிறார், சில கேள்விகள் கேட்கிறார், பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருகிறார்.

அங்கிருந்து அந்தத் தாயின் நடை தொடங்குகிறது. மருத்துவமனையில் பிள்ளைநல டாக்டர். காது சோதிக்க வேறொரு நாள். பேச்சுப் பயிற்சிக்கு வேறொரு நாள். கைவிரல் பயிற்சிக்கு இன்னொரு நாள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யூ. அட்டைக்குச் சமூகநல இலாகா. பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையத்தில் ஒரு விசாரிப்பு. பாலர் பள்ளியில் ஒரு விசாரிப்பு. ஒவ்வொரு வாசலிலும் அந்தத் தாய் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். எப்போது பிறந்தான், எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளம் போகிறது.

ஒவ்வொருவரும் நல்லவர்தான், ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். ஆனால் டாக்டர் சொன்னது ஆசிரியைக்குத் தெரியாது. பேச்சுப் பயிற்சியாளர் சொன்னது பாட்டிக்குத் தெரியாது. பாட்டி கவனித்தது டாக்டருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தலையில் சுமந்து நடப்பவர் அந்தத் தாய் ஒருவர்தான். என்றைக்கு அந்தத் தாய் களைத்து உட்காருகிறாரோ, அன்றைக்குப் பிள்ளைக்கான உதவிகள் எல்லாம் நின்றுவிடுகின்றன.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோடு சரியாக வெட்டியிருக்கலாம், பாலும் நன்றாக வடியலாம். பால் பிடிக்க மங்கு வைக்காவிட்டால் அத்தனையும் மண்ணுக்குத்தான். உதவிகள் வடிந்துகொண்டிருக்கின்றன. நாம் மங்கு வைக்கவில்லை.

என்னென்ன உதவிகள் இருக்கின்றன? 2008-ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 2010-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா உறுதிப்படுத்தியது. 2013-இல் சிறப்புக் கல்விக்கான விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2019 தொடக்கத்தில், சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தியது.

இவை காகிதத்தில் உள்ளவை. கைக்கு எட்டுபவையும் உண்டு. கிளினிக்கில் தரும் பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் இருக்கிறதே, அதை ஊசி போட்ட தேதி எழுதும் புத்தகம் என்றுதான் பலர் நினைக்கிறோம். அதற்குள்ளே பிள்ளையின் வளர்ச்சிப் படிகள் இருக்கின்றன. 18-ஆவது மாதத்தில் ஆட்டிசத்தின் அறிகுறிகளைப் பார்க்கும் கேள்வித்தாள் இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு "எல்லாம் சரிதான் மிஸ்ஸி" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஓ.கே.யூ. அட்டைக்கு டாக்டர் சான்றளிக்க வேண்டும், சமூகநல இலாகா பதிவு செய்யும். மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு இன்ன குறைபாடு என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், பொதுவான வளர்ச்சித் தாமதம் என்ற பிரிவில் பதிவு செய்ய வழி இருக்கிறது. அதாவது, குறைபாட்டின் பெயர் தெரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அட்டை அரசு மருத்துவமனையில் கட்டணச் சுமையைக் குறைக்கிறது, பல வாசல்களைத் திறக்கிறது. கல்வி அமைச்சின் சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. அதை வாங்குவதில் வெட்கம் என்ன இருக்கிறது? அது பிள்ளையின் உரிமை.

இத்தனை இருந்தும் ஏன் போய்ச் சேரவில்லை? ஏனென்றால் கிளினிக் சுகாதார அமைச்சின் கீழே. அட்டையும் பி.டி.கே.யும் சமூகநல இலாகாவின் கீழே. பள்ளியும் சிறப்புக் கல்வியும் கல்வி அமைச்சின் கீழே. தனியார் பாலர் பள்ளி ஒரு பக்கம், கெமாஸ் பாலர் பள்ளி ஒரு பக்கம், ஒற்றுமைத் துறையின் பாலர் பள்ளி ஒரு பக்கம். பிள்ளையோ ஒன்றுதான்! அதை யாரும் அமைச்சுவாரியாகப் பிரித்து வளர்க்க முடியாது.

பெரியவர்களே, ஒரு காலத்தில் நம் தோட்டத்தில் இந்தச் சேர்ப்பு வேலை தானாகவே நடந்தது. காலையில் பெரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். ஆயாவுக்கு ஒவ்வொரு பிள்ளையின் குணமும் தெரியும். இந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, இந்தப் பிள்ளை விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஆயா சொன்னால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் வந்து பார்ப்பார். டிரஸர் சொன்னது சாயங்காலம் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அதே லயத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தார். அந்த வாழ்க்கையில் வறுமை இருந்தது, அடக்குமுறை இருந்தது. அதை நான் பொன்னுலகம் என்று சொல்ல மாட்டேன். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கொடுமையும் அங்கே உண்டு. ஆனாலும் ஒருவர் கண்டது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்தார்கள். ஆயா இல்லை. டிரஸர் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. தோட்டத்தில் எஞ்சியிருப்பவர்களுக்கோ பஸ் இல்லை. அன்று தானாக நடந்ததை இன்று நாம் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

இது நடக்கக் கூடியதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது, நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1984-இல் திரெங்கானுவில் பத்து ராக்கிட் என்ற இடத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. மாற்றுத்திறன் கொண்டவர்களைத் தூரத்து நிலையத்துக்கு அனுப்பாமல், அவர்கள் வாழும் ஊரிலேயே, ஊரார் கையாலேயே பயிற்சி கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அதுதான் பி.டி.கே.யின் பிறப்பு. இன்று நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஒரு கம்பத்தில் தொடங்கியது நாடளாவிய திட்டமாக வளர்ந்தது.

தமிழ்நாட்டில் தென்காசிப் பக்கம் ஆய்க்குடி என்று ஓர் ஊர். அங்கே அமர் சேவா சங்கம் என்ற நிலையத்தை 1981-இல் தொடங்கியவர் எஸ். இராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அவரோடு பின்னர் வந்து சேர்ந்தவர் எஸ். சங்கர ராமன், தசைச் சிதைவு நோயோடு வாழும் கணக்காய்வாளர். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே இருவரும் சுற்றுக் கிராமங்களை எட்டினார்கள். எப்படி? ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கையில் ஒரு கைப்பேசிச் செயலியோடு வீடு வீடாகப் போகிறார்கள். பிள்ளை இன்று எப்படி உட்கார்ந்தது, எதைப் பிடித்தது என்று பதிகிறார்கள். தூரத்தில் இருக்கும் இயன்முறை நிபுணரும் பேச்சு நிபுணரும் அதே பதிவைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறார்கள். நிபுணர்கள் பலர், பிள்ளைக்கு முன்னால் வந்து நிற்கும் முகம் ஒன்று. அந்த ஒரு முகத்தைத் தாய் நம்புகிறார்.

அமெரிக்காவில் 1986-இல் வந்த ஒரு சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உதவித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு திட்டம், அதை ஒருங்கிணைக்க ஒரு பொறுப்பாளர் என்று வகுத்தது. பணக்கார நாடு செய்தது. ஆய்க்குடியும் செய்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே: ஒரு குடும்பத்துக்கு ஒரு மனிதர்.

சேர்த்துச் செய்வது என்றால் என்ன? மறுபடி அந்த ஜாசின் பிள்ளையிடம் போவோம். பேச்சுப் பயிற்சியாளர் அவனுக்கு ஒரு படம் காட்டுகிறார். தண்ணீர்க் கிளாஸ் படம். தாகம் எடுத்தால் இந்தப் படத்தைத் தொட வேண்டும் என்று பழக்குகிறார். அரை மணி நேரம். அடுத்த சந்திப்புக்குப் பல வாரம் இருக்கிறது. அந்த வாரங்களில் வீட்டில் அவன் அழுதால் பாட்டி தண்ணீர் கொடுத்துவிடுகிறார். பாலர் பள்ளியில் அழுதால் ஆசிரியை அடம் என்று நினைக்கிறார். படம் மறந்துபோகிறது.

அதே படம் வீட்டில் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தால்? அதே படம் பாலர் பள்ளியில் அவன் மேசைமேல் இருந்தால்? பாட்டியும், "எது வேணும்? தொட்டுக் காட்டுய்யா" என்று கேட்டால்? ஒரு நாளைக்கு இருபது முறை அவன் அந்தப் படத்தைத் தொடுவான். மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பழக்கினால் பிள்ளை எதையும் கற்காது. மூன்று இடத்திலும் ஒன்றையே பழக்கினால் கற்கும். ஒருங்கிணைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு படத்தை மூன்று சுவரில் ஒட்டுவது. அதற்குப் பெரிய செலவு இல்லை. பேசிக்கொள்ளும் மனிதர்கள் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "பிள்ளைக்கு ஒரு மொழியே வரவில்லை, தமிழை விட்டுவிடுங்கள், வீட்டில் மலாயோ இங்கிலீஷோ மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள், இரண்டு மொழி கேட்பதால் பிள்ளையின் பேச்சு மேலும் பின்தங்குகிறது என்று காட்டவில்லை. பாட்டிக்கு வராத மொழியில் பாட்டி எப்படிக் கொஞ்சுவார்? அம்மாவுக்குத் தயக்கமான மொழியில் அம்மா எத்தனை வார்த்தை பேசுவார்? பேச்சு தேவைப்படும் பிள்ளையின் வீட்டை நாமே மௌனமாக்கலாமா? தமிழில் பேசுங்கள், தமிழில் பாடுங்கள், தமிழில் கதை சொல்லுங்கள். பயிற்சியாளர் மலாயில் சொன்னதைத் தமிழில் கொண்டுவந்து கொடுக்க ஒருவர் இருந்தால் போதும்.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். மலாக்கா சின்ன மாநிலம். மூன்றே மாவட்டங்கள்: மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின். தமிழ்ப்பள்ளிகள் 21. பெரிய மாநிலங்களுக்கு இல்லாத வசதி இது! இந்த 21 பள்ளிகளையும் 21 மையப்புள்ளிகளாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பள்ளியின் சுற்றுவட்டத்துக்கும் ஒரு துணையாளர். ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருக்கலாம், ஓய்வு பெற்ற மிஸ்ஸியாக இருக்கலாம், இப்படி ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாயாகவும் இருக்கலாம். டாக்டரின் வேலையை அவர் செய்ய வேண்டாம், ஆசிரியையின் வேலையையும் செய்ய வேண்டாம். இடையில் நிற்கும் வேலை அவருடையது.

அவருடைய முதல் வேலை, ஒரு கோப்பு. டாக்டர் கடிதம், காது சோதனை முடிவு, அட்டையின் நகல், பயிற்சியாளரின் குறிப்பு, ஆசிரியையின் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில். அந்தக் கோப்பு தாயினுடையது. தாயின் அனுமதி இல்லாமல் அதில் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது. கோயில் வாசலில் பேசுவதற்கான செய்தி அல்ல அது.

இரண்டாவது வேலை, முதல் சந்திப்புக்குத் தாயோடு கூடப் போவது. கேட்க வேண்டிய கேள்விகளை முன்னாடியே எழுதிக்கொண்டு போவது.

மூன்றாவது வேலை, பள்ளித் தவணை தொடங்கும்போது தாயையும் ஆசிரியையையும் ஒரு மேசையில் உட்கார வைப்பது. இந்தத் தவணைக்கு மூன்றே குறிக்கோள். தண்ணீர்ப் படத்தைத் தொட வேண்டும், மற்ற பிள்ளைகளோடு பத்து நிமிடம் வட்டத்தில் உட்கார வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று ஜாடை காட்ட வேண்டும். சிறப்புக் கல்வியில் பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அந்த முறை பாலர் பள்ளியின் மேசைக்கும் வரட்டும், வீட்டின் அடுப்படிக்கும் வரட்டும்.

நான்காவது வேலைதான் மிகக் கடினம். பாலர் பள்ளியிலிருந்து முதலாம் ஆண்டுக்குப் போகும் பாலம். பல பிள்ளைகள் அங்கேதான் தொலைந்துபோகிறார்கள். பாலர் பள்ளியில் பெற்ற முன்னேற்றம் புது ஆசிரியருக்குத் தெரியாமல் போகிறது. எந்தப் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது, பொது வகுப்பிலேயே துணையோடு படிக்க முடியுமா, மாவட்டக் கல்வி இலாகாவில் எப்போது விண்ணப்பிக்க வேண்டும், இவை எல்லாம் பள்ளி திறப்பதற்கு முதல் வாரம் கேட்கும் கேள்விகள் அல்ல. ஓராண்டுக்கு முன்பே கேட்க வேண்டியவை.

பாலர் பள்ளி ஆசிரியைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். "எங்களிடம் பயிற்சி பெற்ற ஆள் இல்லை, இந்தப் பிள்ளையைச் சேர்க்க முடியாது" என்று சொல்லும் நிலை உங்களுக்கு வரும். உங்கள் சிரமம் உண்மையானது. இருபது பிள்ளைகளை ஒருவராகப் பார்த்துக்கொள்வது எளிதல்ல. ஆனாலும் "முடியாது" என்று கதவைச் சாத்துவதற்கு முன்னால், "யாரைக் கேட்கலாம்?" என்று ஒரு முறை கேளுங்கள். வீட்டாரைத் தவிர, பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேட்கவே கேட்காத பிள்ளையை நாம் கீழ்ப்படியாத பிள்ளை என்று தண்டித்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது?

ஆலயப் பொறுப்பாளர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாமியிடம் போகாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோயிலுக்கும் போகட்டும், கிளினிக்குக்கும் போகட்டும். செங் சன்னாசி மலைக் கோயிலுக்கு மாசி மகத்தன்று எத்தனை குடும்பங்கள் வருகின்றன! தோட்டத்திலிருந்தும் வருகின்றன, தாமானிலிருந்தும் வருகின்றன. சிதறிக் கிடக்கும் நம் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடும் நாள் அது. அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட இடம் கொடுங்கள். ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருவர் உட்காரட்டும், துணையாளர்கள் உட்காரட்டும். தயங்கி நிற்கும் ஒரு தாய் வந்து, "எம் பையன் இன்னும் பேசலம்மா" என்று சொன்னால், அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லட்டும். அதுவும் இறைத்தொண்டுதான்.

தந்தைமார்களே, உறவினர்களே, பிள்ளைக்குக் குறை என்றால் உடனே தாயை நோக்கி விரல் நீட்டுகிறோம். கர்ப்பத்தில் எதைத் தின்றாள், எந்த நேரத்தில் வெளியே போனாள், எந்தச் சாபம் என்று கேட்கிறோம். தாய் செய்த குற்றம் ஒன்றுமில்லை. மருத்துவமனைக்கு ஒரு முறை நீங்கள் லீவு எடுத்துப் போங்கள். பயிற்சியாளர் சொல்லிக் கொடுப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். அந்தச் சுமையில் பாதியைத் தோளில் வாங்குங்கள்.

சீக்கிரம் செய்ய வேண்டும் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான் மூளை மிக வேகமாகத் தன்னை அமைத்துக்கொள்கிறது. பேச்சும், கேட்கும் திறனும், மனிதரோடு பழகும் வழக்கமும் அந்த ஆண்டுகளில் வேர் பிடிக்கின்றன. ஏழு வயதில் தொடங்கினாலும் பயன் உண்டு, எந்த வயதிலும் உண்டு. ஆனால் மூன்று வயதில் எளிதாக வந்திருக்கக் கூடியதை ஏழு வயதில் பிள்ளை பெரும்பாடுபட்டுக் கற்க வேண்டியிருக்கும். அந்த நான்கு ஆண்டுகளை வீணாக்கியது பிள்ளை அல்ல. நாம்தான்.

பத்துப் பேர் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருந்தது போதும். 21 பள்ளிக்கு 21 துணையாளர்கள். இது அரசாங்கம் ஆணை போடும் வரை காத்திருக்க வேண்டிய வேலை அல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் தொடங்கிவிடலாம். தொடங்கிய பிறகு, இதோ எங்கள் பிள்ளைகள், இதோ இவர்களின் தேவைகள் என்று கோப்புகளோடு போய் இலாகாக்களின் கதவைத் தட்டலாம். வெறுங்கையோடு போவதைவிட அந்தக் குரலுக்கு வலு அதிகம்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பள்ளி வட்டாரத்தில் இந்த வேலைக்குத் தகுதியான ஒருவரை நினைத்துப் பாருங்கள். நாளைக்கே அவரிடம் பேசுங்கள். உங்கள் லயத்தில், உங்கள் மாடியில், உங்கள் உறவில் அந்த ஒரு பிள்ளை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால், அந்தப் பிள்ளையின் தாயிடம் போய், "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்று சொல்லுங்கள்.